பதினாறாவது இரும்பு

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஹிஸ்கே தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தபோது, அடியில் இரும்பு இல்லை. செங்கல் இருந்தது.

பழைய, ஓரம் உடைந்த மஞ்சள் செங்கல். இரும்புக்கட்டிகளை அவள் அடுக்கி வைத்திருந்த அதே உயரம், அதே அகலம், அதே நாலு வரிசை. எடுத்தவன் எடுத்துக்கொண்டு ஓடவில்லை. உட்கார்ந்து அளவு பார்த்து அடுக்கி, பாயைப் பழையபடி போர்த்தி, கயிற்றையும் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். திருட்டில்கூட இவ்வளவு நிதானமா என்று ஒரு கணம் ஆச்சரியப்பட்டாள். பதினோரு மணிக்குள் அவளுடைய அண்ணனின் சவப்பெட்டி படகில் வந்து அவள் காக்கும் இந்தப் பாலத்தைக் கடக்க வேண்டும். அந்த இரும்பு இல்லாமல் பாலம் எழுந்திருக்காது.

பாலம் என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. கால்வாய்க்குக் குறுக்கே ஒரு பலகைத்தளம். அதற்கு மேலே, நிலைச்சட்டத்தின் உச்சியில், கிணற்று ஏற்றம் மாதிரி ஆடும் இரண்டு நீண்ட உத்தரங்கள். உத்தரங்களின் முன்நுனியிலிருந்து இறங்கும் கம்பிகள் தளத்தைப் பிடித்திருக்கும். பின்நுனியில், சாலைக்கு மேலே அந்தரத்தில், இரும்பு அடைத்த எடைப்பெட்டி. அந்தப் பக்கத்துப் பாரமும் இந்தப் பக்கத்துப் பாரமும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால், ஒரு பெண்பிள்ளை சங்கிலியை ஒற்றைக் கையால் இழுத்து நாலு டன் தளத்தைத் தூக்கிவிடலாம். பாலம் காக்கிறவர்களின் பிழைப்பு முழுக்க அந்தக் ‘கிட்டத்தட்ட’வில்தான் இருக்கிறது.

ஏனென்றால் மரம் தண்ணீர் குடிக்கும். மழையில் குடித்துக் கனக்கும், வெயிலில் காய்ந்து இளைக்கும். அந்த வருடம் ஃப்ரீஸ்லாந்துச் சீமையில் மே மாதத்திலிருந்து சொட்டு மழை இல்லை. ஜூலையில் பால்வண்டி கடந்து போனதும் பாலம் தானாகவே எழுந்து நின்று வழியனுப்ப ஆரம்பித்தது. தளம் இளைத்துவிட்டால் பின்பாரத்தைக் குறைக்க வேண்டியதுதானே? ஹிஸ்கே பெட்டியிலிருந்து பதினாறு கட்டிகளை எடுத்தாள். ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ. வீட்டுக்குப் பின்னால் அடுக்கித் தார்ப்பாயால் மூடினாள். மழை வந்ததும் திருப்பி வைத்துவிட வேண்டும். கால்வாய் நெடுகப் பாலம் காக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான் இது.

மழை வந்தது. ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, ஊபெலே செத்துப்போனான். அண்ணன் செத்த வாரத்தில் யாருக்கு இரும்பு ஞாபகம் வரும்? வியாழன் பிடித்த மழை வெள்ளியும் விடவில்லை. வெள்ளி மாலை ஒரு சின்னப் படகுக்காகத் திறந்தபோதே சங்கிலி கையை வெட்டியது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டாள். இரவெல்லாம் பலகைகள் குடித்துக்கொண்டே இருந்தன.

இப்போது அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விறகுக் கொட்டகையில் தேடினாள். நாணல் புதரில் தேடினாள். நானூறு கிலோ இரும்பைக் கட்டிலுக்கு அடியில் தேடுகிறவளைப் பார்த்தால் யாரும் சிரிப்பார்கள். அவள் கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். குனிந்தபோது கண்ணில் பட்டது வாசல் கதவின் அடிப்பாகம். சட்டென்று நிமிர்ந்துகொண்டாள். அந்தக் கதவைப் பார்க்க அவளுக்குக் கொஞ்ச நாளாகவே பிடிப்பதில்லை.

மூன்று வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தக் கதவை ஊபெலே தட்டினான். திரைச்சீலை இடுக்கில் அவன் தொப்பி தெரிந்தது. ஹிஸ்கே பின்னல் ஊசியை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தாள். மூன்று தடவை தட்டினான். கொஞ்ச நேரம் நின்றான். போய்விட்டான்.

ஏழு வருடப் பகை. படகுப் பந்தயத்தன்று ஊபெலே பாய் விரித்து வந்த வேகத்தில், பாதி திறந்த பாலத்தில் பாய்மரம் மோதி முறிந்தது. தங்கச்சி தாமதமாகத் திறந்தாள் என்றான் அவன். குடித்துவிட்டு முன்கூட்டியே வந்தான் என்றாள் இவள். விசாரணைக் குழுவின் முன்னாலும் இருவரும் அதையே சொன்னார்கள். அப்பா அந்தப் படகுக்கு வைத்த பெயர் ‘பொறுமை’. அந்தக் குடும்பத்தில் அது படகின் பின்பலகையில் மட்டும்தான் இருந்தது.

அதற்குப் பிறகும், இந்த வசந்தம்வரை, வாரம் ஒரு முறையாவது அவன் பாலத்தைக் கடந்துதான் ஆக வேண்டியிருந்தது. கொம்பு ஊதுவான், இவள் திறப்பாள். அவன் பாய்மரத்தைப் பார்ப்பான். இவள் சங்கிலியைப் பார்ப்பாள். பாலக் கூலிக்காகத் தூண்டில் கழியின் நுனியில் கட்டிய மரச்செருப்பைப் படகுப் பக்கம் நீட்டுவாள். அவன் திரும்பாமலே காசைப் போடுவான். அண்ணன் தங்கைக்குள் ஏழு வருடமாக இருந்த பேச்சு அந்தச் செருப்புக்குள் காசு விழுகிற சத்தம் மட்டும்தான். அப்படிப்பட்டவன் எதற்கு வந்து கதவைத் தட்டினான்? கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இனி யாரிடம் கேட்பது?

எட்டு மணிக்குக் கசாப்புக்கடை டூர்க் சைக்கிளில் வந்து இறங்கினான். இன்று சாவு மணி அடிக்கிறவர்களுக்கு அவன்தான் பொறுப்பு. கறுப்புக் கோட்டின் பொத்தான்கள் அவன் தொந்தியின் மேல் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றன.

“என்ன ஹிஸ்கே, விடிஞ்சும் விடியாம கொத்தனார் வேலை?”

“இரும்பக் காணோம்.”

“எத்தனை?”

“பதினாறும்.”

டூர்க் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். “பழைய இரும்புக்காரன் போன வாரம் இந்தப் பக்கமா சுத்துனான். அவன் வேலைதான்.”

“அவன் எடுத்தா தூக்கிட்டு ஓடுவான். உக்காந்து செங்கல் அடுக்கிட்டா போவான்?”

“அதுவும் சரிதான்.” குரலைத் தாழ்த்தினான். “பாலம் எந்திரிக்கலேன்னா ஊர்ல என்ன பேசுவாங்கன்னு தெரியும்ல?”

“தெரியும்.”

“செத்தவனுக்குக்கூட வழி விடலேம்பாங்க.”

“அதான் தெரியும்னு சொல்றேன்ல! வந்து கை குடு.”

ஏணி வைத்து ஏறி அந்தச் செங்கற்களையே எடைப்பெட்டியில் அடைத்தார்கள். பெட்டி வாய்வரை நிரம்பியது. ஆனால் இரும்பு இருந்த இடத்தில் செங்கல் இருந்தால் இடம்தான் நிரம்பும், எடை நிரம்புமா? கால்வாசி கூடத் தேறவில்லை. டூர்க் கடைக்கு ஓடித் தராசுக்கல்லை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தான். யானைப் பசிக்குச் சோளப்பொரி. கருமானைத் தேடிப் போனால் பட்டறை பூட்டியிருந்தது. சாவு வீட்டுக்காக நேற்றே மகள் ஊருக்குக் கறுப்புக் கோட்டு வாங்கி வரப் போனவன் இன்னும் திரும்பவில்லை. மணல் மூட்டைகளைப் பெட்டிக்கு வெளியே கட்டித் தொங்கவிடலாமே என்றான் டூர்க். கூடாது என்றாள் அவள். பக்கத்து ஊரில் அப்படிக் கட்டிய மூட்டை நழுவித் தளம் விழுந்து ஒரு படகு இரண்டாகப் போனது எல்லாருக்கும் தெரியும். பெட்டிக்கு வெளியே ஒரு துரும்பையும் கட்டக்கூடாது என்று அன்றிலிருந்து சட்டம்.

பத்தரைக்கு மணி அடிக்க ஆரம்பித்தது. படகு வளைவைத் தாண்டியதும் மணியைத் தொடங்க வேண்டும். சவப்பெட்டி கல்லறைத் தோட்டத்து வாசலைத் தாண்டி, தோட்டத்தை மூன்று சுற்று சுற்றிக் குழிக்கு வரும்வரை நிறுத்தக்கூடாது. அடிக்கிறவர்கள் அக்கம்பக்கத்து ஆண்கள் நாலு பேர். வழக்கமாக இருபது நிமிட வேலை.

ஹிஸ்கே எட்டிப் பார்த்தாள். நாணலுக்கு மேலே பாய்மரம் வந்துகொண்டிருந்தது. பாய் சுருட்டியிருந்தது, உச்சியில் ஒரு கறுப்புத் துணி. ஊபெலேயின் மகன் லோல்கே சுக்கான் பிடித்திருந்தான். கப்பல் வேலையில் வெளியூரில் இருப்பவன், சாவுக்கென்று வந்தவன். படகின் நடுவே சவப்பெட்டி, அதன் தலைமாட்டில் முக்காலியில் ஊபெலேயின் மனைவி மாய்கே, இருபுறமும் தூக்குகிற ஆறு பேர். பாலத்தடியில் தண்ணீருக்கும் தளத்துக்கும் இடுப்பளவுதான் இடைவெளி. பாய்மரத்தைச் சாய்த்தாலும் நுழைய முடியாது.

லோல்கே ஒரு முறை ஊதினான். அப்பன் ஊதுகிற அதே நீளம்.

“வா, இழு,” என்றாள் ஹிஸ்கே. சங்கிலியில் மூன்று பேருக்குத்தான் கை வைக்க இடம். அவள், டூர்க், கூட்டத்திலிருந்து ஓடிவந்த பால்பண்ணைக்காரன் ஒருவன். தளம் முனகியது. முழங்கால் உயரம் வந்தது. டூர்க் இரண்டு காலையும் தரையிலிருந்து எடுத்துச் சங்கிலியில் தொங்கினான்.

“நூத்திப்பத்து கிலோடி நானு! இதுக்கு மேல என்ன வேணும் இதுக்கு?” என்று பாலத்தைப் பார்த்துக் கத்தினான்.

இடுப்பு உயரம் வந்தது. அதோடு சரி. பால்பண்ணைக்காரனின் கை வழுக்கியது. சங்கிலி டூர்க்கையும் ஹிஸ்கேயையும் மேலே தூக்கிப் பிறகு உதறியது. தளம் கரைக்கல்லில் இடித்து உட்கார்ந்த சத்தத்தில் வாத்துகள் பறந்தன. டூர்க்கின் கோட்டில் இரண்டு பொத்தான்கள் போயின.

“இன்னும் நாலு பேர் கயிறு போட்டு இழுத்தா வந்துரும்,” என்றான் ஒருவன்.

“வந்துரும். ஆனா நீங்க பிடிச்சிட்டு இருக்கிற பாலத்துக்கு அடியில நான் படகு விடமாட்டேன்,” என்றாள் ஹிஸ்கே.

கரையில் நாற்பது ஐம்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? “ஏழு வருஷம் ஆச்சு, இன்னும் தீரல பாரு,” என்று ஒரு பெண்குரல், காதில் விழ வேண்டும் என்றே. “வேணும்னே பண்றாப்பா,” என்று இன்னொன்று. ஹிஸ்கே திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவாள் அல்லது அறைந்துவிடுவாள்; எது முந்தும் என்று அவளுக்கே தெரியவில்லை.

போதகர் குடையோடு முன்னால் வந்தார். “ஹிஸ்கே அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. பெட்டிய இங்கயே இறக்கிடலாம். ரோட்டு வழியா தூக்கிட்டுப் போனா கால் மணி நேரம். மணி அடிக்கிறவங்களும் மனுஷங்கதானே.”

லோல்கே படகைக் கரைக் கம்பத்தில் கட்டியிருந்தான். மாய்கே முக்காலியிலிருந்து எழாமல் சொன்னாள்: “தூக்கிட்டுப் போங்க. தண்ணியில போகணும்னுதான் ஆசைப்பட்டாரு. என்ன பண்றது? எப்படியோ போய்ச் சேந்தா சரி.”

“இல்ல,” என்றாள் ஹிஸ்கே. “எனக்கு அரை மணி நேரம் குடு, மாய்கே. கதவத்தான் திறக்கல. இதையாவது நான் திறக்கணும்.”

“எந்தக் கதவு?”

“மூணு வாரம் முன்னாடி, வெள்ளிக்கிழமை, வந்தான். தட்டினான். நான் உள்ளதான் இருந்தேன்.”

மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாய்கேயின் முகத்தைப் பார்க்கும் தைரியம் ஹிஸ்கேக்கு இல்லை. பார்வையை எங்காவது வைக்க வேண்டுமே. படகின் மேல் வைத்தாள். முதலில் மூக்கு, பிறகு வயிறு, பிறகு வால்.

வாலில் கண் நின்றது.

‘பொறுமை’ பிறவியிலேயே மூக்குக் கனத்த படகு. முன்பக்கம் எப்போதும் ஒரு சாண் தாழ்ந்துதான் போகும். அப்பா வாழ்நாள் முழுக்க அதைத் திட்டிக்கொண்டே ஓட்டினார். சின்ன வயதில் ஹிஸ்கேயையும் ஊபெலேயையும் பின்பக்கம் உட்கார வைத்து, “அசையாம இருங்க, நீங்கதான் என் எடைக்கல்லு,” என்பார். அந்தப் படகு இன்று மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. பின்பக்கத்து வெள்ளைக்கோடு தண்ணீருக்குள் நாலு விரல் முழுகியிருந்தது.

“லோல்கே, பின்னறையில என்னடா வெச்சிருக்க?”

“ஒண்ணுமில்ல அத்தை.”

“அப்புறம் ஏன் வால் முழுகியிருக்கு?”

“மழைத்தண்ணி தேங்கியிருக்கும்னு நெனச்சேன். இறைக்க நேரம் இல்ல.”

“தண்ணியா இருந்தா மூக்குப் பக்கமில்ல ஓடியிருக்கும்! பலகையைத் தூக்கு.”

சொல்லிக்கொண்டே அவள் படகுக்குள் குதித்திருந்தாள். ஏழு வருடத்தில் முதல் தடவை. ஐம்பத்தாறு வயசுக்காரி குதிக்கிற உயரம் இல்லை அது. முழங்கால் சுரீரென்று வலித்தது. பின்னறை என்பது ஒருவர் குனிந்து நுழைகிற குகை. லோல்கே தரைப்பலகையை நெம்பினான். அடியில் பழைய பாய்த்துணி. துணியை விலக்கினார்கள்.

பதினாறும் இருந்தன. நாலு வரிசையாக, குழந்தைகளைப் படுக்கவைத்த மாதிரி. ஹிஸ்கே ஒன்றின் மேல் கை வைத்தாள், கை வழுக்கியது. துரு ஏறாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் கொழுப்பு தடவியிருந்தான்.

அவளுக்கு முதலில் வந்தது கோபம். “அடப்பாவி!” என்று சவப்பெட்டி இருந்த பக்கம் திரும்பிக் கத்தினாள். போதகர் கண்ணை மூடிக்கொண்டார். “இரும்புக்கா வந்த நீ? இரும்பு கேக்கவா தட்டுன? மூணு வாரமா நான் தூங்கல! நீ என்ன சொல்ல வந்தியோ, என்ன சொல்ல வந்தியோன்னு… படகுக்குப் பின்பாரம் கேக்க வந்தியாடா?”

“எந்தப் படகுக்கு?” என்றாள் மாய்கே. அவள் எழுந்து வந்து பின்னறை வாசலில் நின்றிருந்தாள். “வசந்தத்துலயே டாக்டர் பாய் விரிக்கக் கூடாதுன்னுட்டாரு. இந்தக் கோடை பூரா படகு கட்டின இடத்துலதான் கெடந்துச்சு. இவருக்கு எதுக்குப் பின்பாரம்?”

“பாரம் தூக்குற மரத்துல கயிறு புதுசா இருக்கு,” என்றான் லோல்கே. “அதுல கட்டித்தான் ஏத்தியிருக்காரு. கட்டின இடத்துல கெடக்கலம்மா. ஒரு நாள் இங்க வந்திருக்கு.”

“ஞாயித்துக்கெழமை,” என்றாள் ஹிஸ்கே மெல்ல. ஞாயிறு பாலத்துக்கு விடுமுறை. அவள் சர்ச்சில் இருந்தாள். மாய்கேயும் சர்ச்சில் இருந்தாள். ஊபெலேதான் சர்ச்சுக்குப் போகிற ஆளில்லையே.

மாய்கே கரையைப் பார்த்தாள். எடைப்பெட்டியில் இடமில்லாமல் போன செங்கல் நாலைந்து புல்லில் கிடந்தது. “அது எங்க பழைய ரொட்டி அடுப்புக் கல்லு,” என்றாள். பிறகு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஒரு ஞாயித்துக்கெழமை சாயங்காலம் வந்து சொன்னாரு,” என்றாள். “நல்ல கோப்பையெல்லாம் எடுத்து வைன்னாரு. நீலக்கோடு போட்டது, கல்யாணத்துக்கு வந்தது. எதுக்குன்னேன். மழை பெய்யட்டும், வீட்டுக்கு ஒரு ஆள் வருவாங்கன்னாரு. மழைக்கும் விருந்தாளிக்கும் என்ன சம்பந்தம்? மருந்து தலைக்கேறிருச்சுன்னு நெனச்சேன். தெனமும் ஜன்னல்ல உக்காந்து வானத்தப் பாப்பாரு. நம்மகிட்ட ஒரு மாடு கூட இல்ல, நீங்க எதுக்கு மழையப் பாக்குறீங்கன்னு கேட்டேன். வரட்டும் வரட்டும், வந்தாத்தான் அவ வருவான்னு சிரிச்சாரு. அவ யாருன்னு சொல்லவே இல்ல.”

ஹிஸ்கேயின் கை இன்னும் இரும்பின் மேல் இருந்தது. மரம் தண்ணீர் குடித்தால் பாலம் கனக்கும். பாலம் கனத்தால் இரும்பு வேண்டும். இரும்பு இல்லையென்றால் தேட வேண்டும். தேடினால் அந்தக் கல்லும் இந்தப் படகும் கண்ணில் படாமல் போகாது. பட்டால் அவள் வந்து அவன் வீட்டுக் கதவைத் தட்டியே ஆக வேண்டும். பாலக்காரியின் அண்ணன் அல்லவா, எங்கே பாரத்தை வைத்தால் எது எழும்பும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. மழை மட்டும் ஒரு வாரம் முந்தியிருந்தால் போதும். அவன் கணக்கில் தப்பே இல்லை.

“பாவி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே,” என்றாள். சொல்லும்போதே, அவன் கதவருகில் நின்றதும் தான் மூச்சை அடக்கியதும் ஞாபகம் வந்தது. அவள் அழுதாள். கூட்டத்தைப் பற்றி இப்போது கவலையில்லை.

டூர்க் கரையிலிருந்து கத்தினான்: “ஹிஸ்கே! அழுவுறத அப்புறம் வெச்சுக்க! அங்க மணிக்காரன் நாலு பேரும் எனக்கு ஆள் அனுப்பிட்டானுங்க. கை கழண்டு மணியோட சேந்து ஆடுதாம்!”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “வரிசையா நில்லுங்க. போதகரய்யா, குடையை வெச்சிட்டு நீங்களும்தான்.”

தூக்குகிற ஆறு பேர், போதகர், பால்பண்ணைக்காரன், வேண்டுமென்றே பண்ணுகிறாள் என்று சொன்னவளும்கூட, படகிலிருந்து ஏணிவரை வரிசையாக நின்றார்கள். இரும்பு கை மாறிக் கை மாறி வந்தது. எல்லார் கறுப்புக் கோட்டிலும் கொழுப்பு அப்பியது. நிலைச்சட்டத்தின் மேலே ஒரு கப்பி மாட்டி, வாளியில் ஒவ்வொன்றாக டூர்க் இழுத்தான். ஏணி உச்சியில் லோல்கே செங்கல்லை எடுத்துக் கீழே போட்டுவிட்டு அந்த இடத்தில் இரும்பை வைத்தான். ஹிஸ்கே தளத்தின் நுனியில் மண்டியிட்டு, பலகைக்கும் கரைக்கல்லுக்கும் நடுவே விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

எட்டு வைத்தும் ஒன்றுமில்லை. பத்து வைத்தும் ஒன்றுமில்லை. படகுதான் வாலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, பழைய பழக்கத்துக்கு மூக்கைத் தாழ்த்திக்கொண்டு வந்தது. பதின்மூன்றாவது உட்கார்ந்தபோது விரலுக்கு அடியில் பலகை மூச்சு விட்ட மாதிரி அசைந்தது. பதினான்கு. ஒரு நூல் வெளிச்சம் தெரிந்தது. பதினைந்தாவது வைத்ததும் அவள் கை தூக்கி நிறுத்தினாள்.

“போதும்.”

“இன்னும் ஒண்ணு இருக்கு அத்தை.”

“மரம் இன்னும் முழுசாக் குடிச்சு முடிக்கல. இப்போதைக்கு வேணாம், அது படகுலயே இருக்கட்டும்.”

எழுந்து போய்ச் சங்கிலியைப் பிடித்தாள். உதவிக்கு வந்த டூர்க்கைத் தள்ளி நிற்கச் சொன்னாள். ஒரு கையால் இழுத்தாள். எடைப்பெட்டி ஊரைக் கும்பிடுவது போல மெதுவாகக் கீழே இறங்கியது. ஈரம் சொட்டச் சொட்டத் தளம் எழுந்து வானத்தைப் பார்த்து நின்றது. ஹிஸ்கே கொக்கியை மாட்டினாள்.

படகு நகர்ந்தது. அவள் வழக்கம்போல் சங்கிலியைப் பார்க்கவில்லை. சவப்பெட்டியைப் பார்த்தாள், அது பக்கத்தில் வரும்வரை, வந்து தாண்டும்வரை. மாய்கே கையைத் தூக்கினாள். “செருப்ப நீட்டு, ஹிஸ்கே. அவரு சும்மா போனாருன்னு இருக்கக் கூடாது.”

ஹிஸ்கே சுவரில் சாய்த்திருந்த கழியை எடுத்து நீட்டினாள். மரச்செருப்புக்குள் காசு விழுந்த சத்தம் கேட்டது. மாய்கே அதை அவனுடைய சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்திருந்தாளாம், பிறகு சொன்னாள்.

அன்று மணி ஒன்றரை மணி நேரம் அடித்தது. அந்த ஊரில் எந்தப் பெரிய மனிதனுக்கும் அவ்வளவு நேரம் அடித்ததில்லை. கொழுப்பு அப்பிய கோட்டோடு எல்லாரும் கல்லறைத் தோட்டத்தை மூன்று சுற்று சுற்றினார்கள். பாலத்தை இறக்கிவிட்டு ஓடிவந்த ஹிஸ்கே கடைசிச் சுற்றில் சேர்ந்துகொண்டாள்.

பிறகு ஊர் மண்டபத்தில் காபியும் சர்க்கரை ரொட்டியும். கூட்டம் இரும்புக் கதையை மென்றுகொண்டிருந்தபோது மாய்கே வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். ஹிஸ்கே கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்து பார்த்தாள், முடியவில்லை. எழுந்து கால்வாய்க்கரை வழியாக நடந்தாள். ஏழு வருடம் நடக்காத கரை. மழை மறுபடி தூற ஆரம்பித்திருந்தது.

ஊபெலே வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே மேசையில் நீலக்கோடு போட்ட கோப்பைகள் மூன்று இருந்தன. ஜன்னலோரம் அவன் நாற்காலி, வானத்தைப் பார்த்த மாதிரியே. மாய்கே அடுப்பருகில் நின்றபடி திரும்பிப் பார்த்தாள்.

“வா உள்ள. திறந்துதானே இருக்கு.”

ஹிஸ்கே வாசலிலேயே நின்றாள். கையை மடக்கி, திறந்த கதவை மூன்று தடவை தட்டினாள்.

“ஊபெலே,” என்றாள் அந்த நாற்காலியைப் பார்த்து, “மழை வந்துருச்சு. இன்னும் ஒரு இரும்பு உன் படகுல இருக்கு. கேட்டு வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்.”